உப்புத் தெரியாத நாக்கு

அய்யாவு கெட்டவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்கிறவர்களுக்குப் பாதியிலேயே அவன்மேல் ஆத்திரம் வரும், சொல்கிறவர்களுக்கே வருகிறது. ஆனால் மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆண்பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் முதல் விரல் அவன்தான். பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருநாள்கூடப் பிந்திப் போனதில்லை. கணக்குப்பிள்ளையான கிராணி பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் குரல் கொடுத்துவிடுவான். இப்படிப்பட்ட நல்லவனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதை மருதம்மாளைக் கேட்டால்தான் தெரியும்.

மருதம்மாள் கோலா கெத்தில்காரி. 1967இல், இருபது வயதில், வாக்கப்பட்டு வந்தாள். அய்யாவுக்கு அப்போது இருபத்தாறு. கன்னம் வரைக்கும் முறுக்கிவிட்ட மீசை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் மீசை அய்யாவு என்றுதான் சொல்வார்கள். மெர்போக் ஆற்றுப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் சேற்றில் இறங்கிச் சிப்பியும் மட்டியும் பொறுக்கித் தின்று வளர்ந்தவன். கவிச்சி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. புதுப்பெண் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றுவிட்டு, நாளைக்கும் இதையே வை என்பான். அந்த நாட்களில்தான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது.

தங்கியது நிலைக்கவில்லை. 1969 கடைசியில், மூன்றாம் மாதம் முடிகிற சமயம், இரண்டு கையிலும் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது கலைந்துபோயிற்று. அவளைவிட அவன்தான் அதிகமாக அழுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்த மோரிஸ், சின்ன வயசுதானே, அடுத்தது தானாக வரும் என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். அய்யாவுக்கு அது போதவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குச் சுங்கைப் பட்டாணி முருகன் கோயிலில் காவடி எடுத்தான். சந்நிதியில் நின்று, என் வீட்டுத் தொட்டிலில் பிள்ளை கிடக்கிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்று சத்தமாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற மருதம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பெருமைகூடப் பட்டாள்.

நாற்பத்தெட்டு நாள் விரதம் எல்லாரும் இருப்பார்கள். காவடியை இறக்கிய கையோடு கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். கெடு வைக்காமல் விரதம் இருந்தவன் அந்தத் தோட்டத்தில் இவன் ஒருவன்தான். அதுவாவது அதோடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. ஒரு வருஷம் போய்ப் பிள்ளை உண்டாகவில்லை என்றதும், சாமிக்கு நாம் கொடுத்தது பத்தவில்லை என்று முடிவு கட்டினான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒன்றை விட ஆரம்பித்தான். பாலையும் தயிரையும் விட்டான். பருப்பு என்றால் அவனுக்கு உயிர், அதையும் விட்டான். வேர்க்கடலைக் கச்சானை விட்டான். பிறகு இரண்டு வேளைச் சாப்பாட்டில் ஒரு வேளையை விட்டான். 1976 வாக்கில் அவன் வயிற்றுக்குள் போனது மத்தியானம் ஒருவேளைச் சோறு, ரசம், கீரை, மரவள்ளிக் கிழங்கு, நாள் முழுக்கப் பால் விடாத கடுந்தேத்தண்ணி, அவ்வளவுதான். வெயிலில், ரப்பர் மரம் சீவுகிற வெட்டுக்காட்டில் நனைய நனைய வேர்த்துவிட்டு வருகிறவன் இதை வைத்துக்கொண்டு நின்றான்.

பிள்ளை இல்லாத பழி வழக்கம்போலப் பெண்மேல்தான் விழுந்தது. மருத்துவச்சி கொடுத்த வேர்களை எல்லாம் மருதம்மாள் அரைத்துக் குடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சோதித்து, உனக்கு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா மட்டும் ஒருநாள், ஏழு பிள்ளை பெற்ற தைரியத்தில், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். அவன் உன்கிட்ட வருகிறானா இல்லையா என்று. அவன் வருவது மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்து, அதுவும் இல்லாமல் போய் வெகுநாளாகியிருந்தது. படுத்தவுடன் மரக்கட்டையாகத் தூங்கிப்போவான். அடிவயிற்றில் கனமாக இருக்கிறது, ஒன்றுக்கு விட எரிகிறது என்பான். மீசை மெலிந்து, முறுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. விரதக்காரன் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். பட்டப்பெயர் மட்டும் மீசை அய்யாவாகவே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. சோற்றில் கை வைத்த இரண்டாம் கவளத்திலேயே, "உப்பு பத்தல மருது" என்பான். போடுவாள். இன்னும் பத்தவில்லை என்பான். அவனுக்கென்று தனிச்சட்டியில் வைக்கிற ரசத்தை அவள் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். பிள்ளை பெறாதவள் சமையலில்கூடக் குறை காண்கிறான் என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சிட்டிகை போடுவாள். குறை சமையலில் இல்லை, நாக்கில் என்று அவளுக்கு யார் சொல்வது?

1978இல் பால்வெட்டுக் கத்தி தவறி அவன் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும். இவனுக்கு நாலு மாதமாகியும் வாய் மூடவில்லை. மோரிஸ் டிரெசர் மாற்றி மாற்றி மருந்து வைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதியும் இல்லை, எனக்குப் புரியவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, சுங்கைப் பட்டாணியில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த டாக்டர் ஆர்தரிடம் அனுப்பினார்.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. புண்ணைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அய்யாவு பெருமையாகத்தான் சொன்னான். ருசி தெரிகிறதா என்று கேட்டபோது, இவள் உப்பே போடுவதில்லை என்றான். டாக்டர் மருதம்மாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். விந்து சோதிக்க ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார். அய்யாவு வெட்கத்தில் அதை மேசைமேலேயே வைத்துவிட்டான். ரத்தம் எடுத்துப் பினாங்குக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு பேரையும் உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

தகரக் கூரைக்குப் பூசுகிறார்களே துத்தநாகம், அது மனுஷ உடம்பிலும் கொஞ்சம் இருக்க வேண்டுமாம். இறைச்சியிலும் மீனிலும்தான் அது அதிகம். பருப்பிலும் கச்சானிலும் ஓரளவு உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற கடுந்தேத்தண்ணி, உள்ளே போகிற கொஞ்சத்தையும் ஒட்டவிடாது. அது குறைந்தால் புண் ஆறாது, நாக்குச் செத்துப்போகும், ஆண் ஹார்மோன் சுரப்பது வற்றிவிடும். மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, விந்துக்கு நீர் சேர்ப்பது அதுதான். உடம்பிலேயே அந்த உலோகத்தை அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பதும் அதுதான். அய்யாவின் ரத்தத்தில் துத்தநாகமும் குறைவு, ஹார்மோனும் குறைவு. இது ஒன்றுதான் காரணம் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"அண்ணே, ஒரம் போடாத மரத்துல பால் வத்திப்போகும்ல, அதே கதைதான் லா. சாமிக்குன்னு நீங்க விட்டது எல்லாமே பிள்ளை உண்டாவறதுக்கு வேண்டிய சாப்பாடு. மறுபடி சாப்பிடுங்க, ஆறு மாசம் பார்ப்போம்."

எட்டு வருஷங்களும் மருதம்மாள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. உண்டாகியிருந்தது அவன் கருவாடு தின்ற காலத்தில். உண்டாகாமல் போனது விரதம் எடுத்த பிறகு. அவன் முகத்தையே பார்த்தாள்.

"சாமிக்குக் குடுத்த வாக்கு டாக்டர்," என்றான் அய்யாவு. "அத மாத்திக்கச் சொல்லாதீங்க."

டாக்டர் சளைக்கவில்லை. பினாங்கிலிருந்து மாத்திரை தருவித்துக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அய்யாவோ, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டால்தான் பலிக்கும் என்று விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றில் போட்டான். வெட்டுக்காட்டு மரத்தடியில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள், முருகனுக்கு இது பிடிக்கவில்லை என்று மாத்திரை முழுவதையும் சாக்கடையில் கொட்டினான். மருதம்மாள் கெஞ்சினாள். சாமி வாய்விட்டுச் சொன்ன பிறகும் உனக்குப் புத்தி வரவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டான். கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள்.

சாமான் வாங்குகிற சாக்கில் அவள் தனியாகப் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனாள். பேசிப் பாருங்கள் அக்கா, சாப்பாட்டில்தான் வழி இருக்கிறது என்றார் அவர். எதில் அந்தச் சத்து ரொம்ப அதிகம் என்று கேட்டாள். சிப்பியில் என்றார். அவனிடம் பேசிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரியாது. வெளியே வந்தவள் நேராகப் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சீனர் மளிகைக் கடைக்குப் போனாள். கூடையில் காய்ந்த சிப்பி, மலாய்க்காரர்கள் திராம் என்பார்களே, அது கருப்பாகச் சுருண்டு கிடந்தது. ஒரு பொட்டலம் கட்டச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது மடியில் இருந்த அந்தப் பொட்டலம் சுடுகிற மாதிரி இருந்தது.

விரதக்காரன் வீடு என்பதால் ஒன்பது வருஷமாக அந்த அடுப்பில் கவிச்சி ஏறியதில்லை. அவளுக்கு ஆசை வந்தால் காளியம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வருவாள். இப்போது அதே அடுப்பில் சிப்பியை வறுத்தாள். அய்யாவு தினமும் சாயங்காலம் தோட்டத்துக் கோயிலைக் கூட்டப் போவான். அந்த ஒரு மணி நேரத்தில் இடித்துத் தூளாக்கி, மிளகுத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். மறுநாள் அவன் ரசத்தில் ஒரு கரண்டித் தூளும், அதை மறைக்கப் பூண்டும் மிளகும் போட்டாள். அவன் விரதம் முறிகிற பாவம் அவனுக்கு வேண்டாம், அத்தனையும் என் தலையில் போடு என்று முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னாள். அய்யாவு பிசைந்து ஒரு வாய் வைத்தான். "உப்பு பத்தல" என்றான். மீதியையும் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தான்.

1979 மார்ச்சில் இதைத் தொடங்கினாள். மே மாதத்தில் கால்புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஜூனில் மீசை கருக்க ஆரம்பித்தது. பெரட்டுக்குப் போகும்போது மெல்ல ஏதோ பாட்டு முணுமுணுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான். மருதம்மாள் அன்று முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று வெகுநேரம் அழுதாள். சந்தோஷம்தான். கூடவே பயம். அவன் எல்லாப் புகழையும் முருகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொடுத்துவிட்டுப் போகட்டும், பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரே வைத்துவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் அவளுக்கு நாள் தள்ளியது. ஐந்து நாள், ஏழு நாள், ஒன்பது நாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லி அழுதது போதும், நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் சோறு போட்டாள். அய்யாவு ஒரு வாய் உண்டுவிட்டு, "என்ன மருது, இன்னிக்கி இப்பிடி உப்பு?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் உப்புத் தெரிகிறது. வழக்கம்போலத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே, ரசத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். உப்புத் தெரிகிற நாக்குக்கு வேறெல்லாமும் தெரியும் என்பது அந்த நிமிஷம் அவள் புத்திக்கு எட்டவில்லை. டாக்டருக்கு இவள் செய்வது தெரிந்திருந்தால் எச்சரித்திருப்பார். அவரிடமும் சொல்லவில்லையே.

அய்யாவு இரண்டாவது வாயை வைத்தான். மெல்லுவது நின்றது. நாக்கை ஒருமுறை சுழற்றினான். கண்ணை மூடினான். மெர்போக் சேற்றில் பொறுக்கித் தின்றவனுக்கு அந்த ருசியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினான். விரலை விட்டு எல்லாவற்றையும் கக்கினான். வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"எத்தன நாளா?"

"அஞ்சு மாசமா."

அவன் அடித்திருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காவடி எடுத்த வருஷங்களை விரல்விட்டு எண்ணினான். பிறகு தோள் குலுங்கக் குலுங்க அழுதான். மருதம்மாள் அவன் காலடியில் உட்கார்ந்து, ஆறிப்போன புண்ணின் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இதப் பாருங்க. ஒங்க மீசையப் பாருங்க. இந்தச் சாப்பாடுதாங்க இத்தனையும் குடுத்திச்சு. சாமி கோவிச்சிருந்தா ஒங்களுக்கு நல்லா ஆயிருக்குமா?"

"ஒம்பது வருசம் மருது," என்றான் அவன். "அத்தனையும் அழிஞ்சிபோச்சு. நா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அவனைத் திட்டலாம். முட்டாள் என்று சொல்லலாம். ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வாய் வந்திருக்காது. பிள்ளைக்காகத்தான் அத்தனையும் செய்தான். பிள்ளை வேண்டும் என்று அவளைவிடக் குறைவாக அவன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

நாள் தள்ளியிருப்பதை அப்போதே சொல்லிவிடலாமா என்று அவள் தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டு நாள் போகட்டும், அழுகை அடங்கட்டும் என்று பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் வெட்டுக்காட்டில், மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அது வெறும் தள்ளிப்போன நாட்களா, இல்லை வயிற்றில் ஒன்று தங்கிவிட்டுப் போனதா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அவனிடம் அதை அவள் சொல்லவே இல்லை. சொன்னால், பார்த்தாயா, சாமி கொடுத்துப் பறித்துக்கொண்டார் என்பான். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

அடுத்த வாரமே அய்யாவு கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தனி அடுப்பு வைத்தான். தன் சோற்றைத் தானே பொங்கினான். தன் சட்டியைத் தானே கழுவிக் கவிழ்த்தான். ரசம் கொதிக்கும்போது அவள் அந்தப் பக்கம் வந்தால் மூடியைப் போட்டு மூடுவான். அதில் ஒரு கோபமும் இருக்காது; மழைக்குக் குடையைப் பிரிக்கிற மாதிரி சாதாரணமாகச் செய்வான். மீசை மறுபடி உதிர்ந்தது. மத்தியானத்தில் கதவு சாத்தப்படவில்லை. டாக்டர் ஆர்தர் ஒருமுறை தோட்டத்துக்கே வந்து பேசிப் பார்த்தார். அய்யாவு அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தான். மோரிஸ் டிரெசரும், காளியம்மாவின் புருஷனும், கோயில் பூசாரியும்கூடச் சொன்னார்கள். தண்டனை என்றால் எனக்கு, நான் தாங்கிக்கொள்கிறேன் என்றான். தாங்கிக்கொண்டிருந்தவள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

பத்து வருஷம் அப்படி ஓடியது. காளியம்மாவின் ஏழு பிள்ளைகளில் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. தோட்டத்தில் பாதி ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். 1989 தைப்பூசத்துக்குக் காவடியோடு படியேறும்போது அய்யாவு தலை சுற்றி விழுந்தான். நாற்பத்தெட்டு வயதில் அறுபதைப்போல இருந்தான். அதற்குப் பிறகு குனிந்து அடுப்பை ஊத முடியவில்லை. ஒருநாள் மருதம்மாளைக் கூப்பிட்டு, முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் ஒன்றும் கலக்கமாட்டேன் என்று அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினாள். அந்த வருஷத் தொடக்கத்திலேயே அவளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டிருந்தது. எதற்காக இந்தச் சத்தியம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் நிம்மதியாகக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம், பத்து வருஷத்துக்குப் பிறகு, தன் கையால் வைத்த ரசத்தை அவன் சோற்றில் ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். மென்றான். இரண்டாவது வாயையும் வைத்தான்.

"உப்பு பத்தல மருது," என்றான்.

மருதம்மாளுக்குப் புரிந்துபோயிற்று. அந்த நாக்கு மறுபடி செத்துவிட்டது. இனி அந்தச் சட்டியில் எதைப் போட்டாலும் அவனுக்குத் தெரியாது. சீனர் கடையில் திராம் அதே கூடையில்தான் இருக்கிறது, போன வாரம்கூடப் பார்த்தாள்.

எழுந்துபோய் மாடத்தில் இருந்த உப்புச் சாடியைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து அவன் சோற்றில் போட்டாள். போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றான்.